பெரிய உலைக்காக ஒரு சின்ன உலை

விழுப்புரம் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். திண்டிவனத்தில் ஏறியவர்கள், தங்கைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார்கள்.

"ஒடைஞ்சாத்தான்க்கா அது கத்துக்கும்."

"எதுடா?"

"எங்க ஆராய்ச்சிக் கம்ப்யூட்டரு. கரண்டு எடுக்குற உலைக்குள்ள, சூரியனாட்டம் கொதிக்கிற பிளாஸ்மா வாயுவ அது காந்தத்தால புடிச்சிக்கினே இருக்கணும். நழுவப் போவுதுன்னா முன்னாடியே தெரிஞ்சு திருப்பணும். பெரிய உலையில ஒருவாட்டி நழுவுனாலும் சுவரு போயிடும். அதனால சின்ன உலையில நழுவவுட்டு கத்துக்குடுக்குறோம்."

"சின்னது பாழாப்போனா?"

"அது அதுக்குத்தானக்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னைக் கட்டிக்குடுத்தப்ப யாரும் விசாரிக்கல. வாழாம வந்து வூட்ல கெடக்குறேன். தங்கச்சிக்காவது விசாரிச்சீங்களா?"

தம்பி பெருமையாகவே சொன்னான்: "இந்தவாட்டி நல்லா விசாரிச்சுட்டோம்க்கா."