‘ங்க’ போடாத சண்டை

— கட், கட்! லோகப்பிரியா, மறுபடியும் அந்த ‘ங்க’ வந்துடுச்சு.

— வந்துருச்சுங்களா சைத்ரா மேடம்?

— இதோ, இப்பவும் வருது. உங்க வசனம் என்ன? ‘டேய் எருமை, பால் பொங்குறது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?’ நீங்க என்ன சொன்னீங்க?

— ‘டேய் எருமைங்க, பால் பொங்கறது தெரியலீங்களா’ன்னு சொல்லிப்போட்டனுங்க.

— எத்தனை எருமை நிக்குதுன்னு கேளுங்க மேடம். அடுப்புக்கிட்ட நான் ஒருத்தன்தானுங்க நிக்கறேன்.

— கிருபாசங்கர் சார், நீங்க கொஞ்சம் பேசாம நில்லுங்க.

— நின்னுட்டுத்தானுங்க இருக்கறேன், காத்தால ஒம்பது மணியில இருந்து. பால் மூணு தடவை பொங்கி ஊத்திப்போச்சு. பட்டறையில நின்னிருந்தாலாச்சும் நாலு சாமான் கடைஞ்சிருப்பேன்.

— பெரியநாயக்கன்பாளையம் பூராவும் இன்னைக்குக் கரண்டு இல்லீங்க. லேத்தை வாயில ஊதியா சுத்துவீங்க?

— பாத்தீங்களா மேடம்? கேமரா ஓடாதப்ப வாயி நல்லா வருது.

— அதுதான் எனக்குக் கேமராவுல வேணும்! அதே கோவம், ‘ங்க’ இல்லாம. ரெண்டு போனும் சரியா இருக்கா? நான் சென்னையில உக்காந்து இந்த வீடியோ கால்ல பாக்குறேன், எனக்கு உங்க சமையக்கட்டுல பாதிதான் தெரியுது.

— என்ற போனு ஸ்டாண்டுல படம் புடிக்குதுங்க. நீங்க பேசற இவரு போனை அரிசி டப்பா மேல சாச்சு வெச்சிருக்கறனுங்க. அதுல சார்ஜு பதினொண்ணுதான்.

— ரெண்டு மணிக்குள்ள சீன் என் கைக்கு வந்துடணும். இல்லன்னா மேட்டுப்பாளையம் ஜோடி அனுப்புனதைத்தான் சேனல்ல போடுவாங்க. அப்புறம் வாரா வாரம் அவங்கதான் வருவாங்க. உங்களை நான் மறுபடி கேக்க முடியாது.

— அந்த மேட்டுப்பாளையத்துக்காரி ஊட்டுக்காரனை ‘டா’ போடறாளுங்களா?

— சரளமா போடுறாங்க சார்.

— நல்ல குடும்பம்.

— ஏனுங்க, அடுத்தவங்க குடும்பத்தை அப்புறம் பேசலாமுங்க. மேடம், நான் ரெடிங்க.

— ரோலிங். ஆக்‌ஷன்.

— டேய் எருமை! பால் பொங்கறது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு... உங்களுக்கு... அய்யோ.

— கட்! ‘உனக்கு’ அருமையா வந்துச்சே. ஏன் திருத்துனீங்க?

— இவரு மொறைச்சாருங்க.

— மொறைக்காம? பட்டறையில ஆறு பேரு என்ற கையில வேலை செய்யறாங்க. சிங்காநல்லூர்ல பெரியப்பன் மகன் மில்லு ஆளுகளோட உக்காந்து டி.வி. பாப்பான். ‘கிருபாசங்கரை அவன் பொண்டாட்டியே எருமைங்கறா’ன்னு நோம்பித் திருநாளு வரைக்கும் சொல்லிட்டுத் திரிவான்.

— நடிப்புங்க அது.

— நடிப்புன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்கு எவன் சொல்லுவான்?

— பின்ன எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க? நெசமான புருசன் பொண்டாட்டியா இருக்கோணும், அவங்க ஊட்டுல அவங்க போனுலயே எடுக்கோணும்னு ஒண்ணு விடாம படிச்சுக் காட்டுனனுங்கல்ல?

— ஒத்துக்கலீன்னா இன்னும் பதினோரு வருசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்ப.

— வெச்சிருப்பனுங்க. காலேஜுல மூணு வருசமும் நாடகத்துக்குக் கோப்பை வாங்குனவ நானு. கல்யாணத்துக்கு மறுநாளு உங்கம்மா, ‘அம்மணி, அந்தக் கூத்தெல்லாம் இங்க வேண்டாஞ்சாமி’ன்னாங்க. சரிங்கத்தைன்னேன். பட்டறை ஆளுகளுக்குச் சோறாக்கோணும்னீங்க. சரிங்கன்னேன். இப்பத்தான் ஒருத்தங்க என்னையக் கூப்புட்டிருக்கறாங்க. வெளிய போகக்கூட வேண்டாம், இதே அடுப்படியில நின்னு நடிச்சாப் போதும். அதுக்கும் மொறைக்கறீங்க.

— நடிக்கத் தெரிஞ்சவ நடிச்சுப்போட்டுப் போக வேண்டியதுதான? ஏழு டேக்கு! ஒத்தை எழுத்து வாயில வர மாட்டீங்குது. கோப்பை வாங்குனாளாமா, கோப்பை.

— உங்களைப் பாத்தா வர மாட்டீங்குதுங்க.

— அப்பச் செவுத்தைப் பாத்துப் பேசு. எனக்கென்ன வந்துச்சு.

— செவுத்துக்கிட்டப் பேசிப் பேசித்தானுங்க இத்தனை வருசம் ஓடிருச்சு.

— ஹலோ... நான் இன்னும் லைன்லதான் இருக்கேன். ரெண்டு பேரும் கேளுங்க, மணி ஒண்ணு இருபது. லோகப்பிரியாவுக்கு ‘ங்க’ போகாது. விடுங்க, கதையைத் திருப்பிப் போட்டுடலாம். மனைவி எங்கயோ யோசனையா நிக்குறாங்க, பால் பொங்குது. புருஷன் திட்ட வர்றார். ஆனா மனைவின்னா அவருக்கு நடுக்கம். அதனால ஒவ்வொரு வார்த்தைக்கும் ‘ங்க’ போட்டுத் திட்டுறார். சார், வசனம் இனிமே உங்களுக்குத்தான்.

— எனக்குங்களா? அட, வேண்டாமுங்க.

— என்கிட்ட மூச்சுக்கு மூணு ‘ங்க’ போடுறீங்களே சார், ஈசியா வரும். ‘ஏனுங்க, பால் பொங்குதுங்க, கொஞ்சம் பாருங்க.’ அவ்வளவுதான். ரோலிங். ஆக்‌ஷன்.

— இந்தா, பால் பொங்குதுங்க, பாரு.

— கட். ‘இந்தா’ வேணாம். ‘பாருங்க.’ ஆக்‌ஷன்.

— ஏனுங்க... பால் பொங்குது. பாத்துட்டே நிக்கற... ங்க.

— ‘நிக்கறங்க’! நல்லா இருக்குதுங்க தமிழு.

— நீ சிரிக்காத. சிரிச்சீன்னா இந்த ஸ்டாண்டு, போனு எல்லாத்தையும் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்.

— மேடம், இவரு பால்காரருக்கு ‘ங்க’ போடுவாருங்க. பஸ்ஸுல கண்டக்டருக்குப் போடுவாரு. கரண்டு ஆபீசுக்குப் போனு போட்டுத் திட்டறப்பக்கூட ‘ஏனுங்க, உங்களுக்கெல்லாம் அறிவிருக்குதுங்களா’ம்பாருங்க. முந்தாநேத்து ரோட்டுல மாடு ஒண்ணு படுத்திருந்துச்சு. வண்டிய நிறுத்தி, ‘கொஞ்சம் எந்திரிங்க’ன்னாரு. மாட்டுக்குங்க! எனக்குத்தான் ‘ஏய்’, ‘இந்தா’, ‘எங்க போய்த் தொலைஞ்ச’.

— ஊட்டுப் பொம்பளைக்கு எவன் ‘ங்க’ போடறான்? எங்கப்பன் போட்டானா? உங்கப்பன் போட்டானா?

— எங்கப்பா போட்டாருங்க.

— எப்ப?

— ஆஸ்பத்திரியில, நெனவு தப்புனதுக்கப்புறம். எங்கம்மாவை நர்ஸுன்னு நெனச்சுட்டு, ‘கொஞ்சம் தண்ணி குடுங்க’ன்னாரு. எங்கம்மா தண்ணியக் குடுத்துப்போட்டு வெளிய வந்து என்ற தோள்ல சாஞ்சுட்டாங்க.

— அந்தத் துணி எங்க?

— சார், எங்க போயிட்டீங்க? போன்ல தெரியலையே.

— இங்கதானுங்க, அடுப்பைத் தொடைக்கறனுங்க.

— மணி ஒண்ணு நாப்பது.

— மேடம், எனக்கு இது வராதுங்க. பழைய மாதிரி அவளையே திட்டச் சொல்லுங்க. எருமைன்னு சொல்லட்டும், கழுதைன்னு சொல்லட்டும். நான் மொறைக்க மாட்டேன்.

— அதுக்கு நேரமில்ல சார். ஒரே ஒரு டேக். வந்தா வந்தது. இல்லன்னா மேட்டுப்பாளையம்.

— விட்டுப்போடுங்க மேடம். இவருக்கு வராதுங்க, எனக்கு வர மாட்டீங்குது. காத்தாலயிருந்து எங்களுக்காக உக்காந்திருந்தீங்களே, அதுவே பெருசுங்க. ஏனுங்க, அடுப்பை அணைங்க. துணியக் குடுங்க, தொடைக்கோணும்.

— அணைக்க வேண்டாம். பாலை வையி.

— எதுக்குங்க?

— வையின்னா வையி. அந்தப் பக்கமாத் திரும்பி நில்லு. மேடம், அதைச் சொல்லுங்க... ரோலிங்கு.

— ரோலிங். ஆக்‌ஷன்.

— ஏனுங்க... லோகப்பிரியாங்க. பால் பொங்குதுங்க. காத்தாலயிருந்து இது அஞ்சாவது தடவைங்க. நீங்க பாட்டுக்கு எங்கயோ பாத்துட்டு நிக்கறீங்க. என்னத்தைப் பாக்கறீங்கன்னு நான் ஒரு நாளும் கேக்கலீங்க. இப்பக் கேக்கலாம்னா, உங்க கையில கரண்டி இருக்குதுங்க.

— கரண்டியக் கீழ வெச்சுப்போட்டனுங்க. கேளுங்க.

— வேண்டாமுங்க. கரண்டிதான் கீழ இருக்குது. உங்க கையி இன்னும் அது பக்கத்துலயேதானுங்க இருக்குது.

— கட்! அய்யோ சார், என் ஆபீஸ்ல பின்னாடி நிக்குறவங்கல்லாம் சிரிக்குறாங்க! உடனே அனுப்புங்க. நான் வைக்குறேன்.

— மேடம் போயிட்டாங்க. உங்க போனு செத்துப்போச்சுங்க, என்றதுல இருக்கறதை அனுப்பறேன்.

— போகுதா?

— சுத்துதுங்க.

— இத்தனையும் பேசவெச்சுப்போட்டு, அனுப்பத் தெரியலீன்னு சொல்லிப்போடாத.

— கத்தாதீங்க. அறுபது... எம்பது... போயிருச்சுங்க! ஒண்ணு அம்பத்தேழு. இனிச் சிங்காநல்லூர்ல சிரிச்சா என்னையச் சொல்லாதீங்க. நீங்களாப் பேசுனது.

— காத்தாலயிருந்து நீங்க ஒண்ணும் சாப்புடலீங்க. உக்காருங்க.

— ஏனுங்க, கேமரா நின்னுபோச்சு. மேடமும் போயிட்டாங்க. இனி எனக்கு நீங்க ‘ங்க’ போட வேண்டியதில்லீங்க.

— தெரியுமுங்க.