பித்தளையின் மேல் பழி போடாதீர்கள்

கையில் கட்டுடன் மேடையில் வீற்றிருக்கும் நம் துப்பாக்கிச் சங்கத் தலைவர் லைல் ஸ்டென்ஸ்ருட் அவர்களே! அருகில் அமர்ந்திருக்கும் பாஸ்டர் அவர்களே! முதல் வரிசையில், கொடுத்த காபியைத் தொடாமல் இருக்கும் டெல்மரின் மனைவி ஆர்டிஸ் அவர்களே! மடியில் சாண்ட்விச் தட்டோடு நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! செயலாளர் என்பதால் நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். எல்லாமே நல்ல வார்த்தையாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

டெல்மர் க்ரோக்ஸ்டாட் போய்விட்டார். வடக்கு டகோடாவின் இந்தச் சின்ன ஊரில் தானிய லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நம் சங்கத்தில், சுட்ட கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டா செய்யும் மேசைக்குக் காவலர், டெல்மர் க்ரோக்ஸ்டாட்! சுட்டு முடித்த காலிப் பித்தளைக் கூடுகளை நாம் மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அவர் குனிந்து பொறுக்குவார், கழுவுவார், காய வைப்பார். பிறகு ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார். நல்ல பித்தளை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மட்டும் கரகரக்கும். அதைத் தேடி எடுத்து, வேறு யாரும் மறுபடி மருந்து நிரப்பிவிடாதபடி குறடால் நசுக்கிப் போடுவார்.

நாம் என்ன செய்தோம்? சிரித்தோம்!

"என்ன டாக்டரே, நாடி பாத்தாச்சா? பொழைக்குமா?" என்று கேட்டவர் நம் தலைவர்தான்.

"இது பொழைக்காது லைல். நீயாவது பொழைக்கணும்ல, அதான் பாக்குறேன்" என்றார் டெல்மர்.

மேசையில் அவர் வைத்த சட்டம் சிறியது. மருந்து போடும்போது யாரும் பேசக்கூடாது. போட்டு முடித்ததும், மேலே ஈயக் குண்டைச் செருகும் முன், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் இன்னொருவர் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். தனக்கும் அதே சட்டம்தான். கைவிளக்கை என்னிடம் நீட்டி, "நான் பாத்தா செல்லாதுப்பா. மருந்து போட்டதே நான்தான், என் கண்ணு எனக்குத்தான் ஒத்து ஊதும். நீ பாரு" என்பார். பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவார், பாவி மனிதர்!

போன குளிர்காலத்தில், இதே தேவாலயக் கூடத்தில், அந்தச் சட்டத்தைத் தூக்கினோம். தலைவர் கூடுகளில் மருந்து நிரப்பப் புதிய இயந்திரம் வாங்கியிருந்தார். "அவனவன் தோட்டாவ அவனவன் பாத்துக்கலாம். இங்க என்ன பள்ளிக்கூடமா நடக்குது?" என்றார். கைகள் உயர்ந்தன. டெல்மரின் கையும் என் கையும் மட்டும் உயரவில்லை. அவர் விளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

போட்டி நாளில் லைலுக்குப் பக்கத்தில் நேரம் பார்க்க நின்றவர் அவர்தான். லைலின் ரிவால்வர் வெடித்துச் சிதறியது. தலைவருக்குக் கையில் காயம். ஒரு இரும்புத் துண்டு டெல்மரின் கழுத்தில் பாய்ந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இனிதான் நான் சொல்ல வந்தது. அன்று முதல் இந்த ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. "பழைய பித்தளை. எத்தன தடவதான் தாங்கும்? டெல்மர் பொறுக்கிக் கொடுத்ததுதானே!" மளிகைக் கடை வரிசையில், ஆர்டிஸ் பின்னால் நிற்பது தெரியாமல் ஒருவர் சொன்னார். ஆர்டிஸ் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். கணவரைப் புதைத்த கையோடு, அவர்தான் தன் சாவுக்குக் காரணம் என்றும் கேட்க வேண்டுமா? இது என்ன நியாயம்!

லைலின் பெட்டியில் மீதமிருந்த தோட்டாக்களை ஷெரீஃப் அலுவலகத்தார் என் கண்ணெதிரே பிரித்தார்கள். ஒன்றில் மருந்தே இல்லை. இன்னொன்றில் இரண்டு மடங்கு; ரிவால்வரைச் சிதறடித்ததும் அப்படி ஒன்றுதான். அந்தத் தோட்டாக்களைச் செய்த அன்று, இயந்திரத்தில் கை வைத்திருக்கும்போதே தலைவருக்குப் போன் வந்தது. மீன்பிடிக்கப் போவதைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு, விட்ட இடம் மறந்து, மருந்தைக் கொட்டும் நெம்புகோலை இழுத்தார். நான் அங்கேதான் இருந்தேன். ஷெரீஃப் அலுவலகத்தார் பிரித்த கூடுகள் எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றில்கூட விரிசல் இல்லை. பழைய பித்தளை தன் வயிற்றில் தானே இரண்டு முறை மருந்தைக் கொட்டிக்கொள்ளுமா? சொல்லுங்கள்! ஒரு விளக்கு, ஒரு ஜோடிக் கண்கள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது!

சுடுகளத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறீர்கள். பெயர்ப் பலகை பித்தளையிலாம்! நான் கையெழுத்துப் போட மாட்டேன். "டெல்மர் கொடுத்த கூடுகளில் குறையில்லை" என்ற வரி அதில் ஏறும் வரை போட மாட்டேன்.

உறுதிமொழி எடுக்க வேண்டுமே, எடுக்கிறேன். சங்கம் கூடும் இந்த வியாழக்கிழமை அவருடைய கைவிளக்கு மேசைக்குத் திரும்பும். அதைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்பேன். பிடிக்காதவர்கள் வேறு சங்கம் பார்த்துக்கொள்ளலாம்.

தலைவரே, அடுத்துப் பேச வேண்டியவர் நீங்கள். அவர் புகழைப் பாட வேண்டாம், நான் பாடிவிட்டேன். மைக் இதோ. ஆர்டிஸ் முதல் வரிசையில்தான் இருக்கிறார். நடந்ததைச் சொல்லுங்கள்.