பொன்னுத்தாயின் மகளை மீட்டுத் தந்த மங்களாம்பிகை அம்மையாருக்கு

நாகை நீதிமன்றத்தில் கறுப்பங்கி அணிந்து நிமிர்ந்து நடந்த நாயகியே! கலங்கி வந்தோர்க்குக் காதும் கருத்தும் தந்த கனிவே! நிலத்துக்கும் வரப்புக்குமே வழக்கென்றிருந்த ஊரில், முறிந்துபோன குடும்பங்களுக்காகவும் வாதாட வந்த வழக்கறிஞர் மங்களாம்பிகை அம்மையீர்! வணக்கம்.

தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், தங்கள் வெற்றிகள் பலவற்றுள் ஒன்றை மட்டும் இம்மன்றத்தில் உரைக்க எங்கள் உள்ளம் விழைகிறது.

சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று புதிய ஆட்சி அறிவித்திருந்த காலம். கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் கூலி உயர்வுக்காகக் கொடி பறந்தது. அந்தச் சுயமரியாதை முறையில் மாலை மாற்றி மணந்தவர்கள்தாம் பொன்னுத்தாயும் சாமிதுரையும். நடவாளான மனைவி கூலியாட்கள் சங்கத்தின் பக்கம் நின்றார்; கணவரோ மிராசுதாரின் பக்கம் நின்றார். வயலில் மூண்ட பகை வீட்டுக்குள்ளும் புகுந்தது. மறியலில் கைதாகிப் பொன்னுத்தாய் திரும்பியபோது, மகள் தங்கம்மாள் வீட்டில் இல்லை. சாமிதுரை அவளைப் பாபநாசத்தில் தம் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, விவாகரத்தும் கேட்டு, சிறை சென்றவள் பிள்ளை வளர்க்கத் தகாதவள் என்றும் மனுப் போட்டிருந்தார்.

பிள்ளையைத் தூக்கி வந்துவிடுவதென்று உறவினர் கிளம்பினர். பொன்னுத்தாயும் உடன் புறப்பட நின்றார். அவரை நம் அலுவலகத்தில் உட்காரவைத்துத் தாங்கள் சொன்னீர்கள்: "தூக்கிட்டு வந்தா நாளைக்கு அவங்களும் தூக்கிட்டுப் போவாங்க. கோர்ட்டு சொல்லிப் புள்ள வந்தா யாரும் வாசல்ல வந்து நிக்க முடியாது. பொறுத்துக்கங்க."

சொன்னதோடு நில்லாமல், மகளைப் பார்க்க இடைக்கால உத்தரவு பெற்று, அந்தத் தாயோடு தாங்களே பாபநாசத்துக்குப் பேருந்தேறினீர்கள். அங்கே தங்கம்மாள் பள்ளிக்கு அனுப்பப்படாமல் மாட்டுத் தொழுவத்தில் நின்றதைக் கண்ணால் கண்டு வந்தீர்கள். பிறகு, எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கடுங்கேள்விகளையெல்லாம் தாங்களே பொன்னுத்தாயிடம் கேட்டீர்கள்; அவர் அழுது ஓயும்வரை காத்திருந்து மறுபடியும் கேட்டீர்கள். கொடுமையென்று நாங்கள் முணுமுணுத்தோம். அவர் கூண்டேறிய அன்றுதான் அது கருணையென்று விளங்கிற்று.

"கொடி புடிக்கிறவளுக்குப் புள்ள எதுக்கு?" என்றார் எதிர்த்தரப்பின் பெரிய வக்கீல்.

பொன்னுத்தாயின் குரல் நடுங்கவில்லை. "அது வயிறாரச் சாப்பிடணும்னுதாங்க கொடியே புடிச்சேன்."

தந்தையே முதற் காப்பாளர் என்று ஏட்டுச் சட்டத்தை எடுத்துக் காட்டினார் அந்த வக்கீல். குழந்தையின் நலனே அதற்கும் மேலான சட்டம் என்று தாங்கள் எழுப்பிய வாதம் அம்மன்றத்தை நிறைத்தது! நீதிபதி சிறுமியைத் தனியறையில் அழைத்துப் பேசினார்; தாயிடமே ஒப்படைக்குமாறு தீர்ப்பளித்தார். மிராசுதாரின் செல்வாக்கு அன்று நீதிமன்றப் படிகளில் தோற்று இறங்கியது!

ஆனால் தாங்கள் அமரவில்லை. தந்தை வாரந்தோறும் மகளைக் காண அனுமதி வேண்டுமென்று எழுந்து கேட்டீர்கள். தங்கள் கட்சிக்காரரான பொன்னுத்தாயே முகம் சுளித்தார். "ஒங்களுக்கு அவர் வேணாம், சரி. புள்ளைக்கு வேணுமே" என்று அவரிடம் மெல்லச் சொன்னீர்கள். பொன்னுத்தாய் தலையசைத்தார். வெளியே தாழ்வாரத்தில் சாமிதுரை தங்களைக் கைகூப்பித் தொழுதபோது, வென்றவரும் தோற்றவரும் ஒருசேர வணங்கும் வழக்கறிஞரை நாங்கள் முதன்முதலாகக் கண்டோம்.

வாய்மை வழுவா வழக்குரையே! வன்மமறியா வெற்றியே! நோயறியா உடலும் நொடியும் தளரா மனமும் பெற்றுத் தாங்கள் நெடிது வாழ்க! கட்சிக்காரர் எவரும் கதவைத் தட்டாத காலைகள் தங்களுக்கு வாய்க்கட்டும். அவர்கள் வந்தால், உட்காரவைத்து முழுவதும் கேட்க நாங்கள் இருக்கிறோம்.

தங்கள் பாசறையில் பயின்ற
இளம் வழக்கறிஞர்கள்,
குமாஸ்தா கலந்தர்
மற்றும் அலுவலகத்தார்
நாகப்பட்டினம்