கன்னிமார் பங்கு

மணி பதினொன்று நாற்பது. எம். புதுப்பட்டி தாண்டி, கண்மாய்க்கரைக்குத் திரும்புகிற மண்பாதை. தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல முள். அந்த நேரத்தில், அந்தப் பாதையில், ஒரு ஸ்கூட்டி... ஒற்றைப் பொம்பளை.

யார் என்கிறீர்களா? என் கூட்டாளி மணிகண்டராஜுக்குப் பெரியம்மா மகள். பேர் ஆவுடைத்தாய். மணிகண்டராஜ் வாயைத் திறந்தால் பாதி புளுகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொன்ன அன்றைக்கு அவன் முன்னால் வைத்த டீ ஆடை படிந்து ஆறிப்போகும்வரை அவன் தொடவே இல்லை. யாரது அங்கே சிரிக்கிறது? சிரிக்கிறவன் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே போய்ப் படுக்கலாம். காலையில் தாலி கட்டுகிற நேரத்துக்கு எழுப்பிவிடுகிறேன். ஐஸ்வர்யா, நீ பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொள் தாயே. சரி, கேளுங்கள்.

ஆவுடையைச் சிவகாசியில் ஓர் அச்சாபீஸ் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். காலண்டர் அடிக்கிற ஆபீஸ். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீடு. மூத்தவன் சீனிச்சாமி, இவள் புருஷன். இளையவன் ராம்குமார். கல்யாணமாகிப் பதினொரு வருஷம், ஆவுடைக்குப் பிள்ளை இல்லை. மதுரையில் அவள் பார்க்காத டாக்டர் இல்லை. இதற்கு நடுவேதான் ராம்குமாருக்குக் கல்யாணமாகி சினேகா என்று ஒருத்தி வந்தாள். வந்த இரண்டாம் வருஷம் கன்னிமார் கோயிலில் ஒரே ஒரு தொட்டில் கட்டினாள். பத்தாம் மாதம் கையில் ஆண்பிள்ளை.

ஆவுடையும் அதே கோயில் மரத்தில் தொட்டில் கட்டியவள்தான். ஒன்றில்லை, ஏழு கட்டியிருந்தாள்.

அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபுரமெல்லாம் தேடாதீர்கள். கண்மாய்க்கரையில் ஓர் ஆலமரம், அடியில் ஆறு கல். மற்ற ஊரில் கன்னிமார் ஏழு பேர், இங்கே ஆறுதான். முருகனுக்குப் பால் கொடுத்த கார்த்திகைப் பெண்கள் இவர்கள்தான் என்பார்கள். சிவன் நெற்றிக்கண்ணில் கிளம்பிய ஆறு பொறி, பொய்கையில் ஆறு தாமரை, ஆறு பிள்ளை. ஆளுக்கொன்றாய் எடுத்து மாரில் போட்டு வளர்த்தார்கள். பார்வதி ஒருநாள் வந்தாள். ஆறையும் சேர்த்து அணைத்து ஒரே பிள்ளையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஆறு பேருக்கு என்ன கொடுத்தார்கள்? நட்சத்திரமாக்கி வானத்தில் வைத்தார்களாம். வானத்தில் உட்கார்ந்து என்ன செய்ய? மாரில் கட்டின பாலை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க? அந்த ஆதங்கத்தில்தான் இந்தக் கரையில் இறங்கி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புதுப்பட்டிப் பெண்கள் சொல்வார்கள்.

பிள்ளை கேட்கிறவள் தன் சேலையைக் கிழித்துத் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் போட்டுக் கிளையில் தொங்கவிட வேண்டும். பிள்ளை பிறந்த தொண்ணூறாம் நாள் அவளே வந்து, ஆறு கல்லுக்கும் பால் ஊற்றி, "இது உங்க பங்கு, பிள்ளை எம் பங்கு" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். பங்கு பிரித்தாகிவிட்டால் அவர்கள் பின்னால் வர மாட்டார்கள். வேறு யாரும் அந்த முடிச்சில் கை வைக்கக் கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் வைத்ததில்லை.

ஆவுடைக்கு அந்தப் பிள்ளை மேல் வெறுப்பா என்றால், இல்லவே இல்லை. உயிரையே வைத்திருந்தாள். பொறாமையெல்லாம் சினேகா மேல்தான். அவள் சேலைத் தலைப்புக்குள் பிள்ளையை மூடிக்கொண்டு உட்காருகிற அந்த அழகு இருக்கிறதே, அதைக் கண்டால் இவளுக்கு வயிறு எரியும். பேர் வைத்த அன்றைக்குத் தொட்டிலை முதலில் ஆட்ட இவள் ஆசையாகப் போனாள். மாமியார் லட்சுமிகாந்தம் கையைப் பிடித்துவிட்டாள்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லுத்தா. பிள்ளை பெத்தவுக ஆட்டட்டும்."

கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். சினேகாவும் கேட்டாள், கேட்டுக்கொண்டே தொட்டிலை ஆட்டினாள்.

அது போதாதென்று ராம்குமார் ஒரு வேலை செய்தான். அந்த வருஷக் காலண்டருக்குச் சரவணப் பொய்கைப் படம். கம்ப்யூட்டரில் ஆறு தாமரையிலும் தன் பிள்ளை முகத்தையே ஒட்டி அடித்துவிட்டான். "பாத்தீகளா மதினி, நம்ம பயதான் முருகன்!" என்று முதல் தாளைக் கொண்டுவந்து இவளிடமே நீட்டினான். ஈர மை வாசனை. ஆறு பிள்ளை, ஆறும் சிரிக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆறில் ஒன்றுகூடவா எனக்கு இல்லை? அந்தக் கேள்விதான் அவளைக் கெடுத்தது.

விடிந்தால் தொண்ணூறாம் நாள். காலண்டர் சீசன் என்பதால் ஆண்கள் இரண்டு பேரும் ஆபீசில் நைட் ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் தூங்கிவிட்டாள். ஆவுடை ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய், அங்கே ஸ்டார்ட் பண்ணினாள். அவள் கணக்கு ரொம்பச் சின்னக் கணக்கு. சினேகாவுக்கு முன்னால் நான் போய் அந்த முடிச்சை அவிழ்த்தால் வரம் எனக்கு.

கரையில் வண்டியை அணைத்தாள். எஞ்சின் சூடு ஆறுகிற சத்தம், டிக்... டிக்... அவ்வளவுதான். தண்ணீர் நிறையக் கிடக்கிறது, ஒரு தவளை கத்தவில்லை. செல்போன் வெளிச்சத்தில் மரம் முழுக்கத் தொட்டில்கள், நூறு இருக்கும். காற்றில்லை. எல்லாம் அசையாமல் தொங்குகின்றன.

ஒன்று மட்டும் ஆடியது.

கிளிப்பச்சைப் பட்டு. சினேகாவின் வளைகாப்புச் சேலை மாதிரியே இருந்தது, சினேகாவுக்கு அந்த நிறம்தான் பிடிக்கும், அவள் கட்டின தொட்டில்தான் இது. யாரோ இப்போதுதான் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுத்த மாதிரி, நிதானமாக, போய்... வந்து... போய்... வந்து...

இந்த இடத்தில் நீங்களும் நானும் ஓடியிருப்போம். அவள் ஓடவில்லை. அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இங்கேயும் அவள் தொட்டிலைத்தான் ஆட்டுவீர்களா?

பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்த கூழாங்கல் கையில் விழுந்தது. சூடு. காய்ச்சல் கண்ட பிள்ளையின் உச்சந்தலைச் சூடு. கொஞ்சம் ஈரம். ஒரு வாசனையும் வந்தது. பகலெல்லாம் அந்தப் பக்கம் பட்டாசு மருந்து நெடிதான் அடிக்கும், இது அதில்லை. புளித்த தாய்ப்பால் வாசனை, ரவிக்கையில் காய்ந்துபோன பால்.

பால் ஊற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கொண்டுபோகவில்லை. ஆறு கல்லையும் பார்த்துக் கத்தினாள்.

"ஆறு பேரு இருக்கீக. பதினோரு வருசத்துல ஒருத்திக்காவது எம்மேல மனசு இரங்குச்சா? அவளுக்கு மட்டும் ஒத்தத் தொட்டில்ல குடுத்தீகளே! எனக்கு முழுப்பிள்ள வேண்டாம். அந்தப் பிள்ளையில எனக்கும் ஒரு பங்கு குடுங்க. அம்புட்டுத்தான்!"

கூழாங்கல்லை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினாள்.

அப்புறம், கல்லுக்குப் பின்னால், கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். ஒரு கை வளையல் இல்லை. உட்கார்ந்திருந்த பல பேர் தரையில் கை ஊன்றி எழுந்திருக்கிற சத்தம்.

அவள் எப்படி வண்டி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. முறுக்கு முறுக்கென்று முறுக்கியும் வண்டி இருபதைத் தாண்டவில்லை, பின்னால் லோடு ஏற்றிய மாதிரி இழுத்தது. கண்ணாடியில் இருட்டுதான் தெரிந்தது. காதுக்குப் பின்னால் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அழுது முடித்தவள் உறிஞ்சுவது மாதிரி. சிவகாசி விளக்கு வெளிச்சம் வரும்வரை ஆவுடை திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் விளக்கு எரிந்தது. பிள்ளை வீறிட்டு அழுகிறான். சினேகா கூடத்தில் நின்று அழுகிறாள்.

"அக்கா, எங்க போனீக? பால் வரலக்கா. பன்னண்டு மணியில இருந்து ஒரு சொட்டு வரல. இவன் அழுது அழுது தொண்ட கட்டிப் போச்சுக்கா..."

ஆவுடை குனிந்து தன்னைப் பார்த்தாள். ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. வியர்வை இல்லை.

பிள்ளையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளை தானாகவே தேடிப் பிடித்துக் குடித்தான். பதினொரு வருஷத்து அழுகை மொத்தமும் அன்றைக்குச் சிரிப்பாக வந்தது அவளுக்கு. கதவுக்கு வெளியே சினேகா நின்றுகொண்டே இருந்தாள். அவள் கால் நிழல் கதவுக்கடியில் தெரிந்தது. நிற்கட்டும் என்று நினைத்தாள் ஆவுடை. நான் நின்றேனே, அவளும் நிற்கட்டும்.

காலையில் எல்லோரும் பால் செம்போடு கோயிலுக்குப் போனார்கள். அவிழ்ப்பதற்கு முடிச்சு இல்லை, யார் அவிழ்த்தது என்று வீட்டில் மற்ற யாருக்கும் தெரியாது. முடிச்சு இல்லாமல் பங்கு பிரிக்க முடியாது என்று பூசாரி திருப்பி அனுப்பிவிட்டார். ஊற்றாத பாலோடு திரும்பி வந்தார்கள்.

பன்னிரண்டு நாள், ஆவுடைதான் அந்த வீட்டில் ராணி. இப்படி அபூர்வமாகச் சிலருக்குச் சுரக்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். லட்சுமிகாந்தம் இவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். "எம் பிள்ளைய எங்கிட்டக் குடுங்கக்கா" என்று சினேகா வாங்கினால், பிள்ளை நெருப்பைத் தொட்டவன் மாதிரி அலறுவான். சினேகா இளைத்துக்கொண்டே போனாள். அவள் பார்த்த பார்வை ஆவுடைக்கு நன்றாகத் தெரியும். அது இவளே பதினொரு வருஷம் பார்த்த பார்வை.

பதின்மூன்றாம் ராத்திரி. மணி இரண்டு. ஆவுடை பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பாதியில் விட்டுவிட்டான். முகத்தை இடது பக்கம் திருப்பினான். அங்கே சுவர்தான். வாயைக் குவித்தான்...

மடக்... மடக்... மடக்...

வெறும் காற்றைக் குடிக்கிறான். தொண்டை ஏறி இறங்குகிறது. கடைவாயில் பால் வழிகிறது.

அப்புறம் இன்னும் கொஞ்சம் திரும்பினான். மறுபடியும் மடக், மடக். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஆறு தடவை திரும்பி ஆறு இடத்தில் குடித்தான். ஒவ்வொரு தடவையும் மேலே ஏதோ முகத்தைப் பார்த்துச் சிரித்தான். இவளிடம் குடிக்கும்போது அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

மணிகண்டராஜ் இங்கேதான் நிறுத்தினான். "அக்காவுக்கு அப்ப பயம் வரலையாம்ல. எரிச்சல்தான் வந்துச்சாம்" என்றான்.

அதற்குப் பிறகு இவள் எப்போது எடுத்தாலும் பிள்ளைக்கு வயிறு நிறைந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்வான். கொழுகொழுவென்றுதான் இருந்தான், அதில் ஒரு குறையும் இல்லை. இவளுக்கு மார் கல்லாகக் கட்டி, காய்ச்சல் வந்து, குளியலறையில் பிழிந்து பிழிந்து ஊற்றினாள். பகலில் தூங்கிவிட்டு ராத்திரி முழித்திருந்து பார்த்தாள். சேலையால் பிள்ளையை மூடி மடியில் இறுக்கிப் பார்த்தாள். கண் அசருகிற ஒரு நிமிஷம் போதும், வளையல் சத்தம் கேட்கும், பிள்ளை குடித்து முடித்திருப்பான்.

கார்த்திகை அன்றைக்கு ராத்திரி சீனிச்சாமிக்கு விழிப்புத் தட்டியது. பக்கத்தில் பெண்டாட்டி இல்லை. பிள்ளைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்கு ரொம்பத் தள்ளி, அறையின் கடைசி மூலையில், சுவரில் சாய்ந்து ஆவுடை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தொட்டிலுக்கும் நடுவே தரை காலி. நெருக்கி உட்கார்ந்தால் ஆறு பேர் உட்காரலாம்.

ரவிக்கை நனைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அந்தக் காலித் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"தள்ளுங்கடி. இன்னைக்காவது நான் முதல்ல குடுக்கேன். தள்ளுங்கடி..."

தொட்டில் பக்கத்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல் பதில் சொன்னது. சீனிச்சாமி தன் காதால் கேட்டான். கோபமே இல்லாத குரல்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லுத்தா."