மாமனார் கொடுத்த பேட்டரி

வளைகாப்பு அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ரெங்கராஜ். என் மனைவி பிரகதாம்பாள். வயிற்றுப் பிள்ளையோடு என் மகள் இளமதி. அவள் புருஷன் வசந்த். அவனுடைய தாய் அடைக்கலமேரி. எங்கள் பங்காளிகளில் ஒருவரும் இல்லை. முறையாக அழைத்திருந்தேன், வரவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

இன்ஸ்பெக்டர், விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்ட ஒன்றைப் பற்றி நான் பேச வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வசந்த் நார்த்தாமலைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அலமாரி செய்ய வந்தவன். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. அலமாரி முடிந்த மாதமே என் மகளும் அவனும் மாலை மாற்றிக்கொண்டு, பாதுகாப்புக் கேட்டு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனபோது எனக்கு நாற்காலி இல்லை. அவன் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினான்.

"உக்காருங்க மாமா" என்றான்.

அதுவரை என்னை ஐயா என்று கூப்பிட்டவன். அங்கிருந்த காவலர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என் தகப்பனார் காலத்தில் அவன் வகையறா எங்கள் முன் உட்கார்ந்ததில்லை. இப்போது அவன் கொடுத்து நான் உட்கார வேண்டும். நான் உட்காரவில்லை. அன்றிலிருந்து எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

இளமதி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் பிரகதாம்பாள் அழுதாள். வளைகாப்பு நம் வீட்டிலேயே நடக்கட்டும் என்றேன். புதுக்கோட்டையில் அவர்கள் குடியிருந்த இடத்துக்கு நானே போய் அழைத்தேன். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரே வாசல். ஜன்னலில் கம்பி. பிளக் வாசலை ஒட்டி இருந்தது. அதன் கீழே பிளைவுட் துண்டுகளும் தின்னர் டப்பாவும் கிடந்தன. டிரில்லில் சார்ஜ் நிற்பதில்லை, பேட்டரி மாற்ற வேண்டும் என்று வசந்த் பேச்சுவாக்கில் சொன்னான். நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

டிரில், பேட்டரி எல்லாம் விற்கிற செம்மல் கடையில் நான் அவசரப்படவில்லை. கம்பெனி பேட்டரிக்கும் பெயரில்லாத பேட்டரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். எது நாள்பட வரும், எது சூடாகும், சூடானால் என்ன ஆகும். நல்ல வாடிக்கையாளர் கேட்கிற கேள்விகள்தான். செம்மல் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"கம்பெனி சாமான் சூடானா தன்னால நின்னுருங்க ஐயா. இது நிக்காது. அந்தா அங்கிட்டு ஒண்ணு தனியாக் கெடக்கு பாருங்க, ரொம்ப சூடாகுதுன்னு திரும்பி வந்தது. ஒங்களுக்குக் கம்பெனிதான் சரி."

திரும்பி வந்த அந்த ஒன்றையும் கேட்டேன். தயங்கினார். இந்த மாதிரி வாங்கிவிடாதே என்று மாப்பிள்ளையிடம் காட்டத்தான் என்றேன். கொடுத்தார். செம்மல் மேல் தவறில்லை.

வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டில் தங்குவாள். புருஷன் தனியாகத் திரும்புவான். அது எங்கள் வழக்கம். நான் புதிதாக எதையும் ஏற்பாடு செய்யவில்லை.

வெற்றிலைத் தட்டில், வேட்டி சட்டையோடு திரும்பி வந்த அந்தப் பேட்டரியை வைத்துக் கொடுத்தேன். வசந்த் அதைப் புரட்டிப் பார்த்தான். தொழில்காரன், கம்பெனி சாமான் இல்லை என்று பார்த்ததும் தெரிந்துகொண்டான். ஒரு தடவை இளமதியைப் பார்த்தான். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மாமனார் முதன்முதலாகக் கொடுத்ததை அவன் குறை சொல்லமாட்டான், மூலையில் போட்டு வைக்கவும் மாட்டான் என்று எனக்குத் தெரியும். நாற்காலி கொடுத்தவன் அல்லவா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே போன் செய்தேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான். அவனை மாப்பிள்ளை என்று நான் கூப்பிட்டது அன்று மட்டும்தான்.

"பேட்டரி போட்டுப் பாத்தீங்களா மாப்ள?"

"சார்ஜ்ல போட்டிருக்கேன் மாமா. சூடு கொஞ்சம் கூடத்தான் இருக்கு. கழட்டிரவா?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும். கழட்டாதீங்க, நாளைக்கு வேலைக்கு முழுசா ஏறட்டும். நீங்க தூங்குங்க."

"சரிங்க மாமா."

அவன் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

தீப்பிடிக்கும் என்பது நிச்சயமில்லை. பிடிக்காவிட்டால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அது தேவைப்படவில்லை. வாசல் பக்கமே அவனால் போக முடிந்திருக்காது என்று உங்கள் ஆட்கள்தான் சொன்னார்கள்.

நான் போனை வைத்தபோது இளமதி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது, அன்று சிரித்தாள். இப்போது யாரோடும் பேசுவதில்லை. தலைப்பிரசவம், அப்படித்தான் இருக்கும். பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும். பையன் என்றால் என் தகப்பனார் பெயரை வைப்பதாக இருக்கிறேன்.

இதை நான் சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் துக்க வீட்டில் அடைக்கலமேரி கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எம்மகன் அன்னைக்கே சொன்னான்யா. மாமா வெல கம்மியாப் பாத்து வாங்கிட்டாரு, பாவம், சொன்னா மனசு நோகும், இதையே போட்டுக்கிறேன்னான்."

அந்தப் பேச்சு இப்போது எங்கள் ஊர் டீக்கடை வரை வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் போய் மலிவுச் சாமான் கொடுத்தாரே என்கிறார்கள். வளைகாப்புக்கு வராத பங்காளிகள் என் முகத்துக்கு நேராகவே இரக்கப்படுகிறார்கள்.

கம்பெனி பேட்டரியையும் நான் அன்றே வாங்கினேன். பெட்டி பிரிக்காமல் என் பீரோவில் இருக்கிறது. ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் சீர் கொடுக்கும்போது யாரும் விலை பார்த்ததில்லை.

வசந்தைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மலிவு பார்த்தேன் என்பது பொய்.