தனியாக ஒரு பஸ் பயணம்

— பஸ்ஸுக்குக் கிட்டக் கிட்டப் போகாதீங்க யுகேன்! பிள்ளை திரும்பிப் பாத்துட்டா தொலைஞ்சோம்.

— காடியில இருக்கிறது நாமன்னு அவளுக்கு எப்படித் தெரியும், காமினி? அதுக்குத்தானே நம்ம காடியை விட்டுட்டு, ஆபீஸ் இர்வானோட காடியை ஓட்டிட்டு வந்தேன். நீ தலையைக் குனி.

— பதினோரு வயசு அவளுக்கு. ஆயர் ஈத்தாம்ல ஏறினா, டவுன்ல இறங்குற இடத்துல அவ அத்தை நிக்கப் போறாங்க. இதுக்குப் போயி சிஐடி வேலையா?

— முதல் தடவையா தனியா போறா லா!

— எத்தனை நாள் கெஞ்சினா! ‘என்மேல நம்பிக்கை இல்லையாப்பா’ன்னு அழுதா. பின்னாடி வர மாட்டேன்னு அவ தலையில கை வச்சு சத்தியம் பண்ணினது யாரு? இப்ப மாட்டினோம்னா, இனி நம்ம பேச்சை நம்பவே மாட்டா.

— தெரியுது. ஆனா வீட்ல உக்கார முடியலையே.

— இந்த வயசுல நீங்க எப்படிப் போனீங்களாம்?

— நானா? தம்பியை சைக்கிள் பின்னால வச்சுக்கிட்டு அணைக்கட்டு வரைக்கும் போவேன். வீட்ல அஞ்சு பிள்ளைங்க. சாப்பிடக் கூப்பிடும்போதுதான் யாரைக் காணோம்னே அம்மாவுக்குத் தெரியும்.

— உங்க அம்மாவுக்குப் பாசம் இல்லையோ?

— இருந்துச்சு. பாதி அடியா இருந்துச்சு. நமக்கு ஒண்ணே ஒண்ணு காமினி, கோயில் கோயிலா ஏறி இறங்கிப் பெத்தது... ஐயோ, பஸ் ஏன் நிக்குது?

— ஸ்டாப்பு லா!

— ஒருத்தன் ஏறுறான் பாரு. அவ பக்கத்துலயே உக்காருறான்!

— முருங்கைக்கீரை வாங்கிட்டுப் போற தாத்தாங்க அது. கொஞ்சம் மூச்சு விடுங்க.

— போன் அடிக்குது. அவதான்! ஸ்பீக்கர்ல போடு, நீ வாயைத் திறக்காதே. ஹலோ, மிதுஷா?

— அப்பா, எங்க இருக்கீங்க?

— வீட்லதாம்மா. சோபாவுல. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஒரு கறுப்புக் காடி பஸ் பின்னாடியே வருதுப்பா. பஸ் நின்னா அதுவும் நிக்குது. உள்ள ரெண்டு பேரு குனிஞ்சு குனிஞ்சு ஒளியுறாங்க.

— பாப்பா... அது வந்து...

— நீங்க பயப்படாதீங்கப்பா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அழுவாங்க. நான் டிரைவர் அங்கிள்கிட்ட சொல்லிட்டேன், பஸ்ஸை நேரா போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தப் போறாரு.