அமுங்காத ‘திரும்பு’ பொத்தான்

முன்மேசைக்காரி: ...அதான் சொல்றேனே தம்பி, பதினோரு மணிக்கு முதலாளி வருவாரு, அவ வேலை போயிடும். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நீங்க உட்காருங்க. பிரிண்டரை அப்புறம் சரி பண்ணலாம், அது எங்கயும் ஓடிப்போயிடாது.

வந்தவர்: யாரு வேலை போகப்போகுதுக்கா?

முன்மேசைக்காரி: அமுக்குணியோடதுதான்.

வந்தவர்: அமுக்குணியா?

முன்மேசைக்காரி: நாங்க வெச்ச பேரு. ப்ரோகிராம் எழுதற பொண்ணு. அந்தக் கடைசி ரூம். காலையில வந்தா ஒரு சிரிப்பு, சாயங்காலம் போனா ஒரு சிரிப்பு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு நாமளேதான் தோண்டி எடுக்கணும்.

வந்தவர்: நீங்க எடுத்துடுவீங்க.

முன்மேசைக்காரி: நக்கலு... எடுத்துடுவேன்தான். யாரு வீட்டுல யாரு யாரோட பேசறதில்லைங்கறது வரைக்கும் இந்த மேசைக்கு வந்துடும். பொழுது போகணும்ல.

வந்தவர்: அப்படி என்ன பண்ணிட்டாங்க அவங்க?

முன்மேசைக்காரி: ஃபோன்ல ஆடற கேம்தானே இங்க பண்றாங்க. படகு ஓட்டற கேம். போன வாரம் அதுல பெரிய போட்டி. இறுதிச் சுற்று. பாறை வருது, படகைத் திருப்பணும். வலது மூலையில ‘திரும்பு’ன்னு ஒரு பொத்தான். அமுக்கறாங்க, அமுக்கறாங்க... படகு பாட்டுக்கு நேரா போய் மோதுது.

வந்தவர்: எல்லாருக்குமா?

முன்மேசைக்காரி: முதல் சுற்றுல ஜெயிச்ச எல்லாருக்கும். தோத்தவங்க வீட்டுல உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாங்க, அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஜெயிச்சவன்தான் மாட்டினான். போட்டியை நடத்தினவங்க அன்னைக்கே கையை விரிச்சுட்டாங்க. முதலாளி மூணு நாளா ஆளே சரியில்ல.

வந்தவர்: பொத்தான் கெட்டுப்போச்சா?

முன்மேசைக்காரி: பொத்தான் நல்லாத்தான் இருந்துச்சாம். விரல்தான் அதுவரைக்கும் போய்ச் சேரலையாம். எனக்கும் முதல்ல புரியல... அப்புறம் அவளே உட்கார்ந்து சொன்னா. திரையில நீங்க தொட்டா அது நேரா பொத்தானுக்குப் போகாதாம். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருக்காங்களாம். மேல இருக்கறதைத்தான் முதல்ல கேட்குமாம், ‘இந்தத் தொடுதல் உனக்கா?’ன்னு. ‘எனக்குத்தான்’னு அது சொல்லிட்டா, கதை முடிஞ்சுது. கீழ இருக்கறவனுக்கு ஒருத்தன் தொட்டான்ங்கற சேதியே போகாது.

வந்தவர்: ‘எனக்கில்ல’ன்னு சொன்னா?

முன்மேசைக்காரி: அடுத்த அடுக்கைக் கேட்கும். அப்படியே இறங்கி இறங்கிப் பொத்தானுக்கு வந்து சேரும்.

வந்தவர்: உங்க மேசை மாதிரின்னு சொல்லுங்க.

முன்மேசைக்காரி: அவளும் இதையேதான் சொன்னா. ‘வாசல்ல வர்றவங்களை முதல்ல நீங்கதானே கேட்கறீங்க அக்கா. நீங்களே பதில் சொல்லி அனுப்பிட்டீங்கன்னா, ஒருத்தர் வந்துட்டுப் போனதே எனக்குத் தெரியாதில்ல’ன்னா.

வந்தவர்: இதை எப்போ சொன்னாங்க?

முன்மேசைக்காரி: முந்தாநாள்... ஏன் கேட்கறீங்க?

வந்தவர்: சும்மாதான். அப்ப அந்தப் பொத்தானுக்கு மேல ஏதோ உட்கார்ந்திருந்திருக்கு.

முன்மேசைக்காரி: ‘வாழ்த்துகள்’னு ஒரு பலகை. முதல் சுற்று ஜெயிச்சதும் பளபளன்னு வரும், அப்படியே மங்கி மறைஞ்சுடும். வரைஞ்சது யாருன்னு நினைக்கறீங்க? முதலாளியோட மச்சினர். அந்த ஆளு எது வரைஞ்சாலும் அதுல நாலு நட்சத்திரம் மின்னணும்.

வந்தவர்: மங்க வெச்சிருப்பார். எடுத்திருக்க மாட்டார். கண்ணுக்குத் தெரியலன்னாலும் பலகை அங்கேயே இருந்திருக்கும். வர்ற தொடுதலை எல்லாம் ‘எனக்குத்தான்’னு வாங்கிப் போட்டுக்கிட்டு.

முன்மேசைக்காரி: பிரிண்டர் பார்க்கறவங்களுக்கு இதெல்லாம்கூட தெரியுமா தம்பி?

வந்தவர்: யூகம்தான்க்கா. ஆமா, வெளிய விடறதுக்கு முன்னாடி யாரும் ஆடிப் பார்க்கலையா?

முன்மேசைக்காரி: பார்த்தாங்களே. நம்ம சோதனைப் பிரிவுல ஒருத்தர் இருக்காரு, நாள் பூரா கேம் ஆடறதுக்குச் சம்பளம் வாங்கற புண்ணியவான். அவரு கம்ப்யூட்டர்ல கீபோர்டை வெச்சுக்கிட்டு ஆடியிருக்காரு. கீபோர்டுல தட்டினா இந்த அடுக்கு, கிடுக்கு எதையும் கேட்காதாம். நேரா படகுகிட்டயே போயிடுமாம். அவருக்குப் படகு ஜோரா திரும்பியிருக்கு.

வந்தவர்: அப்ப மச்சினர் மேலயும் தப்பு, சோதிச்சவர் மேலயும் தப்பு. இந்தம்மா வேலை எதுக்குப் போகணும்?

முன்மேசைக்காரி: மச்சினர் மேல தப்புன்னு சொல்லிட்டு முதலாளி வீட்டுக்குப் போக முடியுமா? வெளிய படுக்கணும். ஆனா விஷயம் அது இல்ல. மூணு வாரத்துக்கு முன்னாடியே ஒருத்தர் ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்காரு.

வந்தவர்: என்னன்னு?

முன்மேசைக்காரி: வெள்ளோட்டம் விட்டப்போ ஆடினவராம். ‘முதல் சுற்று ஜெயிச்சேன், அதுக்கப்புறம் திரும்பு பொத்தான் அமுங்கல’ன்னு. அது புகார்ப் பதிவேட்டுலயும் இருக்கு. பக்கத்துல எழுதியிருக்கு... ‘ப்ரோகிராமர் பார்த்தார். தீர்ந்தது’ன்னு.

வந்தவர்: ஓ.

முன்மேசைக்காரி: அதைப் பிடிச்சுக்கிட்டாரு முதலாளி. ‘உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் மறைச்சிருக்கே’ங்கறாரு. தப்புப் பண்ணினாள்னு அனுப்பினா வேற இடத்துல வேலை கிடைக்கும் தம்பி. மறைச்சாள்னு எழுதி அனுப்பினா? இந்த ஊர்ல இந்தத் தொழிலுக்கு மொத்தமே பத்து ஆபீஸ். ஒருத்தன்கூட வாசப்படி ஏத்த மாட்டான். சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு அவளுக்கு, ஒண்டியாத்தான் வளர்க்கறா.

வந்தவர்: அவங்க என்ன சொல்றாங்க?

முன்மேசைக்காரி: ‘என்கிட்ட வரல’ங்கறா. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தையும் கிடையாது, கம்மியும் கிடையாது. வேற எவளாவது இருந்தா இந்நேரம் ஆபீஸையே ரெண்டாக்கியிருப்பா.

வந்தவர்: பதிவேட்டுல எழுதினது யாரு?

முன்மேசைக்காரி: யாரு வேணா எழுதலாம்.

வந்தவர்: அது உங்க மேசையிலதானே இருக்கு?

முன்மேசைக்காரி: மேசையிலதான் இருக்கு... நான் என்ன இருபத்திநாலு மணி நேரமும் இங்கேயா இருக்கேன்? மத்தியானம் சாப்பிடப் போவேன். அப்ப யாராவது எடுப்பாங்க, எழுதுவாங்க. பதில் எழுதாத புகார் ஒண்ணு இருந்தாலும் சாயங்காலம் முதலாளி நிக்க வெச்சுக் கேட்பாரு. அந்தப் பயத்துல எவரோ ஒருத்தர்... எழுதினவங்களுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி.

வந்தவர்: அந்த ஃபோன் வந்தது மத்தியானம் இல்லைக்கா. காலையில பத்தேகாலுக்கு. ஏழு நிமிஷம் பேசியிருக்காங்க. ஆபீஸ் ஃபோன் கணக்குல இருக்கு. தண்ணி குடிங்க.

முன்மேசைக்காரி: வேண்டாம்.

வந்தவர்: இந்தப் பிரிண்டர் நல்லாத்தான் இருக்குக்கா. நான் அதுக்காக வரல.

முன்மேசைக்காரி: தெரியும் சார்.

வந்தவர்: தெரியுமா?

முன்மேசைக்காரி: பையில ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லாம பிரிண்டர் பார்க்க வர்றவரை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன். அதோட... நேத்து சாயங்காலம் முதலாளி ரூம் கதவு முழுசா சாத்தல. ‘வெளியில இருந்து ஒரு நிபுணரை வரச் சொல்லியிருக்கேன், அவர் சொல்றதுதான் முடிவு’ன்னு பேசிக்கிட்டிருந்தாரு.

வந்தவர்: தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் ‘தம்பி தம்பி’ன்னு பேசினீங்க?

முன்மேசைக்காரி: நிபுணர்னு தெரிஞ்ச மாதிரி காட்டினா, நான் வாயைத் திறக்க முடியுமா? பிரிண்டர்காரர்னா அவளைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா போட்டு வைக்கலாம்னு பார்த்தேன். நீங்க மட்டும் என்னவாம்? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.

வந்தவர்: சொல்லியிருப்பீங்களா?

முன்மேசைக்காரி: ...மணி என்ன சார்?

வந்தவர்: ஏழு நிமிஷம் இருக்கு.

முன்மேசைக்காரி: உள்ள போய் என்ன சொல்லப்போறீங்க?

வந்தவர்: பலகை மச்சினரோடது. அதைச் சொல்லிடுவேன். ஆனா புகார் அவங்க கைக்குப் போச்சு, தீர்ந்ததுன்னு பதில் வந்துச்சு. எழுத்துல அப்படித்தான் இருக்கு. எழுத்துல இருக்கறதை நான் இல்லைன்னு சொல்ல முடியாது.

முன்மேசைக்காரி: அப்ப மறைச்சாள்னுதான் ஆகும்.

வந்தவர்: ஆமா.

முன்மேசைக்காரி: அவளைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன் சார். முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

வந்தவர்: கேட்டுட்டேன்.

முன்மேசைக்காரி: எப்போ?

வந்தவர்: நேத்து ராத்திரி ஃபோன்ல. பதிவேட்டுல அந்தப் பக்கத்தை முதலாளி படம் எடுத்துக் கொடுத்திருந்தாரு, அதை அனுப்பினேன். ‘இது யார் கையெழுத்துன்னு தெரியுமா?’ன்னு கேட்டேன்.

முன்மேசைக்காரி: என்ன சொன்னா?

வந்தவர்: ‘தெரியல சார்’னாங்க.

முன்மேசைக்காரி: தெரியலன்னா சொன்னா?

வந்தவர்: ரெண்டு தடவை கேட்டேன் மேடம். ரெண்டு தடவையும் அதேதான்.

முன்மேசைக்காரி: அவ பொண்ணோட பள்ளிக்கூட நோட்டு பதினோரு நோட்டுக்கும் அட்டை போட்டு, பேரு எழுதிக் கொடுத்ததே நான்தான் சார்... ‘உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்குக்கா’ன்னு வருஷா வருஷம் என்கிட்டத்தான் கொண்டுவந்து கொடுப்பா. அவளுக்கா தெரியாது? அன்னைக்கு அவ ரூம் வரைக்கும் போனேன். காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. கதவைத் தட்டக்கூட இல்லாம திரும்பி வந்து, ஃபோனை அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கன்னு அந்த ஆளுகிட்ட சொல்லிட்டு, ‘தீர்ந்தது’ன்னு எழுதினேன். உங்க பக்கம் இருக்கற அந்தப் பதிவேட்டை இப்படித் தள்ளுங்க. அவர் வர்றதுக்குள்ள கீழ என் பேரை எழுதிடறேன்.